பின்பனிக் காலத்துப் பந்திப்பூர் சாலை: பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பொங்கல் முடிந்த மறுவாரத்திலிருந்தே எங்கள் பானஸ்வாடி குடியிருப்பிலும் உறவினர் வட்டத்திலும் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு காட்டுச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும், எப்போது போகலாம், எப்படிப் போகலாம்? கர்நாடகத்தின் பந்திப்பூரையும் தமிழ்நாட்டின் முதுமலையையும் ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் மாசி மாதத்தை ஒட்டி நாங்கள் ஆண்டுதோறும் போய்வருவதால், தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

குளிர் முடியும் நேரத்தில்தான் போக வேண்டுமா? மழைக்காலத்துப் பச்சை அழகாக இருக்குமே?

பச்சை அழகுதான், ஆனால் அந்தப் பச்சைக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பந்திப்பூரின் பெரும்பகுதி இலையுதிர் காடு. தேக்கும் வெக்காலியும் கருமருதும் தை மாதத்தில் இலைகளைக் கொட்டத் தொடங்கி மாசிக்குள் ஏறத்தாழ வெறும் கொம்பாகிவிடுகின்றன. புல்லும் காய்ந்து படுத்துவிடுகிறது. அதுவரை சாலையோரத்தோடு முடிந்துபோன பார்வை திடீரென்று ஐம்பது அறுபது அடி உள்ளே போகிறது. உண்ணிச்செடிப் புதர்கள் மட்டும் விலக்கு. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தக் காட்டையே பிடித்துக்கொண்ட அந்தச் செடி மண்டியிருக்கும் இடங்களில் எந்த மாதத்திலும் எதுவும் தெரியாது.

இன்னொரு காரணம் தண்ணீர். மழைக்காலத்தில் காடு முழுவதும் ஓடையும் பள்ளமும் நிறைந்திருப்பதால் விலங்குகளுக்கு ஓரிடத்துக்கு வர வேண்டிய தேவை இல்லை. பின்பனிக் காலத்தில் சிறு ஓடைகள் வற்றி, குட்டைகளும் மாயாறும் மட்டும் எஞ்சும்போது அவற்றின் நடமாட்டம் அந்தத் தண்ணீரைச் சுற்றிச் சுருங்குகிறது. சித்திரையில் இது இன்னும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வெயிலில் எழுபது வயதுக்காரரையும் மூன்று வயதுக் குழந்தையையும் காரில் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிப்ரவரியில் விடியற்காலை ஸ்வெட்டர் வேண்டும், பத்து மணிக்கு அதைக் கழற்றிவிடலாம். அந்த அளவான காலம்தான் குடும்பத்துக்கு ஏற்றது. பழைய பருவக் கணக்கில் மாசி, பங்குனி இரண்டும் பின்பனி. இரவின் பிற்பகுதியில் பனி விழும் காலம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். விடியற்காலையில் குண்டலுப்பேட்டையைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியைத் துடைக்க வேண்டி வருகையில் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும்.

பூக்களையும் சொல்ல வேண்டும். முள்ளிலவு இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். அதன் பின்னாலேயே புரசு ஆரஞ்சு நிறத்தில் தொடங்கும். பூத்த மரத்தைக் கண்டால் அதன் அடியையும் பாருங்கள். மேலே மந்திகள், அதாவது நீண்ட வாலுள்ள கருமுகக் குரங்குகள், தின்று சிந்தும் பூக்களைப் பொறுக்கப் புள்ளிமான்கள் அங்கே நிற்பது வழக்கம்.

எந்த வழி, எவ்வளவு தூரம்?

பெங்களூரிலிருந்து மைசூர் வரை விரைவுச்சாலை, பிறகு நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, மேலுகாமனஹள்ளி, பந்திப்பூர். மொத்தம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். குண்டலுப்பேட்டையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கும் மற்றொன்று பந்திப்பூர், முதுமலை வழியாகக் கூடலூர், ஊட்டிக்கும் போகின்றன. இரண்டுமே பந்திப்பூர் காட்டுக்குள்தான் நுழைகின்றன என்றாலும் இங்கே நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அதில் மேலுகாமனஹள்ளியிலிருந்து முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காடு வரையுள்ள இருபது கிலோமீட்டர்ச் சொச்சம்தான் உண்மையான காட்டுச் சாலை. இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவது இந்த இருபதுக்காகத்தான் என்பதை ஓட்டுகிறவர் நினைவில் வைத்துக்கொண்டால், விரைவுச்சாலையிலேயே களைத்துப் போகாமல் இருப்பார்.

விரைவுச்சாலையில் கார்களுக்கு வேக வரம்பு 100 கிலோமீட்டர். கண்காணிப்புக் கேமராக்கள் இருக்கின்றன. ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று முந்தைய இரவே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் குண்டலுப்பேட்டையில் நிரப்பிவிடுவது நல்லது. காட்டுக்குள் கைபேசி இணைப்பும் பல இடங்களில் அறுந்துவிடும்.

ஒரே நாளில் போய் வந்துவிடலாமா?

வரலாம், ஆனால் பார்க்க வேண்டிய நேரத்தை இழந்துவிடுவீர்கள். பெங்களூரில் நாலு மணிக்குக் கிளம்பினாலும் காட்டு வாசலை அடைய எட்டு ஆகிவிடும். அதற்குள் பனி விலகி, ஊட்டிக்குப் போகும் வண்டிகள் வரிசை கட்டியிருக்கும். முந்தைய நாள் மாலை மைசூரிலோ குண்டலுப்பேட்டையிலோ தங்குவதுதான் என் பரிந்துரை.

இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலைகளில் பொதுவாக வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. இரவில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் இறந்ததால் 2009-ல் கொண்டுவரப்பட்ட தடை இது. கேரளத்தின் எதிர்ப்பையும் வழக்குகளையும் தாண்டி இன்னும் நிலைத்திருக்கிறது. இதனால் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: இரவெல்லாம் காத்திருந்த லாரிகளும் காய்கறி வண்டிகளும் ஒரே மூச்சில் உள்ளே பாயும். ஆறு மணிக்கே முதல் ஆளாக நுழைய வேண்டும் என்று நானும் இரண்டு ஆண்டுகள் அடித்துப் பிடித்துப் போய், முன்னால் ஒரு லாரியின் புகையையும் பின்னால் ஒரு லாரியின் ஹாரனையும் மட்டுமே அனுபவித்திருக்கிறேன். இப்போது ஆறரை வரை வெளியே தேநீர் குடித்துவிட்டுத்தான் நுழைகிறோம். பிப்ரவரி நடுவில் சூரியன் உதிப்பதே ஆறே முக்காலை ஒட்டித்தான் என்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

கைக்குழந்தை இருக்கிறது, அவ்வளவு தூரம் முடியாது. அருகில் ஏதாவது உண்டா?

உண்டு. சொல்லப்போனால், இந்தப் பருவத்தில் உறுதியாக எதையாவது பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களை நான் பந்திப்பூருக்கு அனுப்புவதில்லை, கொக்கரே பெல்லூருக்குத்தான் அனுப்புகிறேன். மத்தூர் வட்டத்தில், பெங்களூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் சாதாரண கிராமம் அது. விரைவுச்சாலையில் போனால் திருப்பம் தெரியாமல் தாண்டிவிடுவோம். முன்கூட்டியே பழைய மைசூர் சாலைக்கு இறங்கிவிட வேண்டும். ஊர்ப் புளிய மரங்களில், வீட்டுக் கூரைக்கு மேலேயே, மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊர்ப் பெயரில் உள்ள கொக்கரே என்ற கன்னடச் சொல்லே அந்த நாரையைக் குறிப்பதுதான். கூடு இருக்கும் மரத்தில் ஊர்க்காரர்கள் புளி உலுக்குவதில்லை; அந்த இழப்புக்கு வனத்துறை ஈடு கொடுக்கிறது. மரத்தடியில் விழும் எச்சம் வயலுக்கு உரமாகிறது.

இங்கே தொலைநோக்கி கூடத் தேவைப்படாது. போன முறை நாங்கள் நின்ற திண்ணைக்கு எதிரே ஒரு மரத்தில் எட்டோ ஒன்பதோ கூடுகள். பதினொரு மணி வெயில் ஏறியதும் ஒரு தாய் நாரை, அல்லது தந்தையாகவும் இருக்கலாம், இரண்டும் மாறி மாறிக் காவல் இருப்பதால் நம்மால் சொல்ல முடியாது, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்துக்கொண்டது. அதன் நிழல் சரியாகக் குஞ்சுகளின் மேல் விழுந்தது. நிழல் நகர நகர அதுவும் கால் மாற்றி நகர்ந்தது. என் மாமியார் இருபது நிமிடம் அந்தத் திண்ணையைவிட்டு எழுந்திருக்கவில்லை. காரில் இருந்த குடையை எடுத்து வரச் சொல்லி எங்கள் கைக்குழந்தைக்குப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகுகளைத் தட்டித்தான் ஓசை எழுப்பும். நீங்கள் கேட்கும் கூச்சல் முழுவதும் பசித்த குஞ்சுகளுடையது.

மைசூர் வரை போக முடிந்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ரங்கனதிட்டு இருக்கிறது. காவிரியின் நடுவே சில சிறு தீவுகள். பறவையியலாளர் சாலிம் அலியின் வலியுறுத்தலால் 1940-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2022-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறையின் துடுப்புப் படகில் போனால் கரண்டிவாயனும் நத்தைக்குத்தி நாரையும் மிக அருகில் தெரியும். பாறைமேல் வாயைப் பிளந்து படுத்திருக்கும் முதலைகளையும் பார்க்கலாம். குழந்தையின் கை படகுக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையிலிருந்து என்னென்ன தெரியும்? புலி தெரியுமா?

2022-ஆம் ஆண்டின் புலிக் கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150, முதுமலையில் 114 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையைக் கேட்டால் முக்குக்கு முக்கு ஒன்று நிற்கும்போலத் தோன்றும். பத்தாண்டுகளுக்கு மேலாகப் போய்வரும் எங்களுக்குச் சாலையில் புலி தெரிந்தது ஒரே ஒரு முறை. அதுவும் குறுக்கே கடந்துபோன வாலும் பின்னங்காலும் மட்டும். காரில் இருந்த ஐந்து பேரில் இருவர் இன்னும் அதைச் செந்நாய் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே புலியைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள்.

புள்ளிமான் உறுதி. மந்தியும் நாட்டுக்குரங்கும் மயிலும் உறுதி. யானை பெரும்பாலும் தெரியும். காட்டுப்பன்றி, கீரி, கடமான், மலை அணில் எல்லாம் அன்றன்றைய பேறு. காட்டெருமை நம் கண்ணை ஏமாற்றும் விலங்கு. எங்கள் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது, பாலத்தைத் தாண்டிய மேட்டைப் பார்த்து, “அப்பா, அந்தப் பாறை காதை ஆட்டுது” என்றாள். அதுவரை நாங்கள் நால்வரும் பாறை என்று நினைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது ஓரடி எடுத்து வைத்தபோது முழங்காலுக்குக் கீழே இருந்த வெள்ளை தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு பாறைகள் நகர்ந்தன.

மற்றவர்களுக்குத் தெரிவது எங்களுக்கு ஏன் தெரியவில்லை?

பெரும்பாலும் வேகம்தான் காரணம். காட்டுக்குள் நான் 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. சாலையில் அடுத்தடுத்து இருக்கும் வேகத்தடைகளும் அதற்கு மேல் விடுவதில்லை. பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் அகலமான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். அவரோடு மல்லுக்கு நின்றால் காட்டைப் பார்க்க முடியாது.

அடுத்தது, விலங்கைத் தேடாமல் அசைவைத் தேடுவது. மானின் உடல் சருகோடு கலந்துவிடும், ஆனால் வால் ஆடும், காது திரும்பும். படுக்கை வாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அங்கே கண்ணை நிறுத்துங்கள். காட்டில் மரங்கள் எல்லாம் செங்குத்தாக நிற்பதால் படுக்கைக் கோடு பெரும்பாலும் ஒரு விலங்கின் முதுகுதான். சாலை ஏறத்தாழத் தெற்கு நோக்கிப் போவதால் காலையில் வெயில் இடப்பக்கத்திலிருந்து விழும். அதனால் வலப்பக்கக் காடுதான் ஒளிபட்டுத் தெளிவாக இருக்கும்; சண்டை போடும் பிள்ளைகளை அதற்கேற்ப இடம் மாற்றி உட்கார வைக்கலாம். பாட்டை அணைத்துவிட்டுக் கண்ணாடியை நான்கு விரல் அளவு மட்டும் இறக்குங்கள். மந்தி மரத்தின் மேலிருந்து கர்ரென்று கரகரத்தாலோ மான் கீச்சென்று ஒற்றைக் குரல் கொடுத்தாலோ, வேட்டை விலங்கு ஏதோ அருகில் நடமாடுகிறது என்று பொருள்.

தொலைநோக்கி வாங்குவதானால் எட்டு மடங்கு போதும். பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஓடும் காரில் அதைப் பிடித்தால் காட்சி முழுவதும் நடுங்கும்.

யானை சாலையை மறித்து நின்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். நான் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் மட்டும் 6,395 யானைகள். அவற்றில் கணிசமான பங்கு இந்தப் பக்கத்துக் காடுகளில்தான் வாழ்கிறது. உங்கள் கார் நிற்கும் இடம் அவற்றின் பாதை.

யானையைக் கண்டதும் ஐம்பது மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டு நிறுத்துங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். ஹாரன் அடிக்கக் கூடாது, முன்விளக்கை எரித்து அணைத்துக் காட்டக் கூடாது, யாரும் கதவைத் திறக்கக் கூடாது. யானை ஒன்று கடந்ததும் வழி விட்டாகிவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்துவிடாதீர்கள். கூட்டத்தில் பெரிய பெண் யானை முதலில் வந்து சாலையைப் பார்த்துவிட்டுப் போகும். குட்டிகள் பின்னால் வரும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் கார் மாட்டிக்கொள்வதைவிட மோசமான நிலை இந்தச் சாலையில் இல்லை.

தலையைத் தூக்கி, காதை விரித்து, பிளிறிக்கொண்டு நாலடி ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். மெதுவாகப் பின்வாங்கினால் அதுவும் அடங்கிவிடும். காதைப் பின்னுக்கு இழுத்து, துதிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வருகிற யானைதான் உண்மையில் தாக்க வருவது. கன்னத்தில் கண்ணுக்கும் காதுக்கும் இடையே எண்ணெய் வழிந்ததுபோலக் கறுப்புக் கோடு தெரிந்தால் அது மதம் பிடித்த ஆண். அதன் அருகில் காத்திருக்கவே வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள்.

2025 ஆகஸ்டில் இதே சாலையில், எல்லைக்குப் பக்கத்தில், யானையோடு படம் எடுக்கக் காரிலிருந்து இறங்கியவரை அது துரத்தி மிதித்தது. உயிர் பிழைத்த அவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தக் காணொளியைப் பார்க்காதவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. பெரிய பையன் கதவுப் பிடியில் கை வைத்தாலே சின்னவள் அதைச் சொல்லி அதட்டுகிறாள்.

நடுவில் நிறுத்திப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா?

கூடாது. காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் உண்பதும் விலங்குகளுக்கு உணவு போடுவதும் விதிமீறல். குழந்தைக்குச் சிறுநீர் அவசரம் என்றாலும் வாசலிலேயே முடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். எதிரே யானை வந்தால் நிற்பது வேறு, மானைப் படம் எடுக்க நடுச்சாலையில் நிற்பது வேறு. வனக் காவலர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஒரே நாளில் போகிறவர்கள் காலை உணவை வழியிலேயே பிடதியில் தட்டே இட்லியோ மத்தூரில் வடையோ சாப்பிட்டு முடித்துவிடலாம். கட்டுச்சோறு கொண்டுபோனால் காடு தாண்டிய பிறகு ஊருக்குள் பிரியுங்கள். எங்கள் முறுக்கு டப்பா ஒன்றை ஒரு குரங்கு பறித்துப் போன கதையில் தவறு முழுக்க எங்களுடையது. சோதனைச் சாவடிக்கு அருகே, கண்ணாடியை முழுவதுமாக இறக்கி, டப்பாவை மடியில் திறந்து வைத்திருந்தார் என் அம்மா. குரங்கு மூடியைக்கூட விட்டு வைக்கவில்லை. அம்மாவின் கையில் நகம் கீறிவிட்டதால் அன்றைய பயணம் குண்டலுப்பேட்டை மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு முடிந்தது. கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நாம் போடும் பிஸ்கட்டால் குரங்குக்கும் கேடுதான். உணவுக்காகச் சாலையோரம் காத்திருக்கப் பழகிய குரங்கு வண்டியில் அடிபடுகிறது. சத்தியமங்கலம் பக்கம் காரப்பள்ளம் சோதனைச் சாவடியருகே கரும்பு லாரிக்குக் காத்து நிற்கும் யானைகளும் இப்படிப் பழகியவைதான்.

சஃபாரிக்கும் போக வேண்டுமா, சாலையே போதுமா?

சஃபாரி வண்டி சாலையைவிட்டு உள்ளே, குட்டைகள் வரை போகும் என்பதால் வாய்ப்பு கூடுதல். பந்திப்பூர் சஃபாரிக்கான வரவேற்பு மையம் இப்போது மேலுகாமனஹள்ளியில் இருக்கிறது, முதுமலைக்குத் தெப்பக்காட்டில். ஆனால் நம்பிப் போய் ஏமாறக் கூடாது. காட்டோரக் கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை அடுத்து 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரி நிறுத்தப்பட்டது. பின்பனிக் காலத்தில் தீ அபாயம் கூடினாலும் நிறுத்துவது உண்டு. கிளம்பும் வாரத்தில் நிலை என்ன என்று வனத்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சஃபாரி இல்லாவிட்டாலும் நெடுஞ்சாலை திறந்துதான் இருக்கும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு பெரிய சஃபாரிப் பேருந்தில் ஏறாதீர்கள். அதன் குலுக்கலும் முப்பது பேரின் “எங்கே, எங்கே” என்ற கூச்சலும் யாருக்கும் பயன் தராது.

தீ பிடிக்கும் காலம் என்கிறார்களே, போகலாமா?

2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பெருந்தீ பரவி, பல ஆயிரம் ஏக்கர் கருகியது. அதே மாதம்தான் நாமும் போகிறோம் என்பதால் கேள்வி நியாயமானது. சாலையின் இருபுறமும் கரிந்த பட்டையாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது தீ பரவாமல் இருக்க வனத்துறையே முன்கூட்டி எரித்து வைத்த தடுப்புக் கோடு. புதுப்புல் துளிர்த்ததும் மான்கள் முதலில் வருவதும் அங்கேதான். நாம் செய்ய வேண்டியது ஒன்றே: காருக்குள் இருந்து சிகரெட்டோ தீக்குச்சியோ வெளியே விழக் கூடாது. காய்ந்த மூங்கிலும் சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் மாதம் இது.

குண்டலுப்பேட்டைக்கு அருகே உள்ள கோபாலசாமி பெட்டா மலைக்குக் காரிலேயே ஏறலாமா?

முடியாது. அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் ஏற வேண்டும். 1,454 மீட்டர் உயரத்தில் வேணுகோபாலர் கோயில். காலையில் மேகம் கோயிலுக்குள்ளேயே நுழையும். முழங்கால் வலிக்காரர்களும் பேருந்தில் இருந்து இறங்கிச் சில படிகள் ஏறினால் போதும். மாலையில் கோயில் சீக்கிரமே மூடிவிடும், ஆகவே காட்டுச் சாலையை முடித்துக்கொண்டு பத்து, பதினோரு மணிக்கு அங்கே போவது சரியாக இருக்கும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் போக என்ன வேண்டும்?

கக்கநல்லா சோதனைச் சாவடியைத் தாண்டினால் நீலகிரி மாவட்டம். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. தெப்பக்காடு வரைதான் போகிறோம் என்றாலும் தமிழக அரசின் இணையதளத்தில் பதிந்து எடுத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டில் உட்பட, மாவட்டத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துப் போங்கள்.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் காடு ஒன்றுதான், பெயர்ப் பலகையின் எழுத்து மட்டும் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அந்த முதல் தமிழ்ப் பலகையை யார் முதலில் வாசிப்பது என்று போட்டி வைத்திருக்கிறார்கள். தெப்பக்காட்டில் மாயாற்றங்கரையில் வளர்ப்பு யானைகள் முகாம் உண்டு. காட்டில் யானை தெரியாமல் போனவர்களுக்கு, உணவூட்டும் நேரத்தில் அங்கே அருகில் பார்க்கும் வாய்ப்பு. ராகிக் களி உருண்டையைப் பாகன் வாயில் வைக்கும்போது யானையின் கீழுதடு தொங்கி ஏந்திக்கொள்வதைக் குழந்தைகள் மறக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு வாந்தி வருமே?

இந்தச் சாலை பெரும்பாலும் சமதளம்தான். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் மசினகுடியைத் தாண்டி ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில். தெப்பக்காட்டோடு திரும்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

திரும்பும்போது எத்தனை மணிக்குக் காட்டைவிட்டு வெளியேற வேண்டும்?

மாலை நாலரைக்குத் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பினால், விலங்குகள் மீண்டும் நடமாடத் தொடங்கும் நேரத்தில் காட்டைக் கடந்து, வெளிச்சம் இருக்கும்போதே குண்டலுப்பேட்டையை அடைந்துவிடலாம். ஒன்பது மணி வரை அனுமதி இருக்கிறதே என்று இருட்டில் ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. கறுப்பு யானையைக் கறுப்பு இரவில் முன்விளக்கு காட்டும்போது அது ஏற்கெனவே மிக அருகில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் கெங்கேரி நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குண்டலுப்பேட்டையின் சூரியகாந்தி வயல்களும் இந்த மாதத்தில் பூத்திருக்குமா?

இருக்காது. கைபேசியில் சுற்றிவரும் அந்த மஞ்சள் படங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மழைக்காலத்தில் எடுத்தவை. பிப்ரவரியில் அந்த வயல்கள் உழுது கிடக்கும், அல்லது கிணற்றுப் பாசனம் உள்ள இடத்தில் தக்காளியும் முட்டைக்கோசும் நிற்கும். சாலையோரத்தில் தர்பூசணிக் குவியல்கள் தொடங்கியிருக்கும்; காட்டைவிட்டு வெளியே வந்த பிறகு ஒன்றை வாங்கி, அங்கேயே வெட்டச் சொல்லிச் சாப்பிடுங்கள்.